பெட்ரோல் பைப்பை எவ்வளவு இறுக்குவது?

2019 ஆகஸ்டில் மாருதி சுசுகி நிறுவனம் 40,618 வேகன்ஆர் கார்களைப் பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தது. எல்லாம் 1 லிட்டர் எஞ்சின் வண்டிகள். 2018 நவம்பர் 15க்கும் 2019 ஆகஸ்ட் 12க்கும் இடையில் தயாரானவை. எரிபொருள் ஹோஸ் ஓர் உலோகக் கிளாம்ப்பில் உரசக்கூடும் என்பதுதான் சந்தேகம். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 2010 பிப்ரவரியில், அதே நிறுவனம் சுமார் 1 லட்சம் ஏ-ஸ்டார் கார்களை அழைத்திருந்தது. அப்போது குறை, பெட்ரோல் பம்பின் கேஸ்கெட்டில். டேங்கை முழுக்க நிரப்பினால் கசியலாம் என்றார்கள். 2014 ஏப்ரலில் எர்டிகா, ஸ்விஃப்ட், டிசையர் மூன்றிலுமாக 1,03,311 வண்டிகள்; அம்முறை பெட்ரோல் ஊற்றும் குழாயில் சந்தேகம்.

மூன்று முறையும் எஞ்சினில் பழுதில்லை. ஒரு கிளாம்ப், ஒரு கேஸ்கெட், ஒரு குழாய். ஒவ்வொரு நட்டுக்கும் அளவு வைத்து இறுக்குகிற தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிகளுக்கே இப்படி என்றால், வீட்டு வாசலில் ஒரு ஸ்பானர் செட்டோடு பெட்ரோல் பில்டர் மாற்ற உட்காருகிறவர் எதைக் கவனிக்க வேண்டும்? அதைத்தான் இந்தக் கட்டுரை ஆராய்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கசிவை நிறுத்துவது கைபலம் அல்ல. இரண்டு உலோகத்துக்கு நடுவே இருக்கும் மெல்லிய பொருள்தான் அதை நிறுத்துகிறது: வாஷர், ஓ-ரிங், ரப்பர் ஹோஸ். போல்ட்டின் வேலை அதைச் சரியான அழுத்தத்தில் பிடித்து வைப்பது மட்டுமே. கசிகிற இடத்தில் “இன்னும் ஒரு சுத்து” வைக்கிற பழக்கம்தான் பெரும்பாலான கெடுதலுக்குக் காரணம்.

திண்டுக்கல்லில் இந்தக் கேள்விக்குத் தனி அவசரம் உண்டு. நிலக்கோட்டையிலிருந்து பூவும் ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறியும் ஏற்றி வருவது குட்டி யானையும் பொலிரோ பிக்கப்பும். வேடசந்தூர்ப் பக்கத்து மில்களுக்கு ஆள் ஏற்றி ஓடுகிற வேன்கள் இருக்கின்றன. வீட்டுக்கென்று பார்த்தால் ஆம்னி, 800, இண்டிகா, பழைய ஸ்விஃப்ட். 800இன் உற்பத்தி 2014லும் ஆம்னியின் உற்பத்தி 2019லும் நின்றுபோயின, வண்டிகள் நிற்கவில்லை. வண்டி பழசாக ஆக, கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போவது குறைகிறது. பட்டறைக்கும் போகாமல், ஹோஸ், பில்டர், கிளிப் போன்றவற்றைத் தாமே மாற்றிக்கொள்கிறவர்கள் அதிகமாகிறார்கள். அது நல்ல பழக்கம் என்றே நினைக்கிறேன். மோட்டார் செட்டைக் கழற்றி மாட்டிப் பழகிய விவசாயியின் கை, கார் பானெட்டைத் திறக்கவும் தயங்குவதில்லை. ஆனால் தண்ணீர்க் குழாயில் சொட்டினால் நஷ்டம் தண்ணீர். இங்கே சொட்டுவது பெட்ரோல்.

இறுக்குதல் என்பது உள்ளே என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். போல்ட்டை முறுக்கும்போது அது மிக நுண்ணிய அளவில் நீள்கிறது; நீண்டது சுருங்கப் பார்ப்பதால் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. நாம் ஸ்பானரில் கொடுக்கும் பலத்தில் ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்விலேயே போய்விடுகிறது. இன்னொரு 40 சதவீதம் மரையின் உராய்வில் போகிறது. பத்தில் ஒரு பங்குதான் உண்மையான பிடிப்பாக மாறுகிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கே எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு கணக்கு. தலையில் 8.8 என்று குறி போட்ட எம்6 போல்ட்டை, அதாவது 10ஆம் நம்பர் ஸ்பானர் சேரும் போல்ட்டை, வழக்கமான 10 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கினால் கிடைக்கும் பிடிப்பு சுமார் 850 கிலோ. எம்8 போல்ட்டை 25 நியூட்டன் மீட்டர் வைத்தால் ஒன்றரை டன்னுக்கு மேல்.

10ஆம் நம்பர் ஸ்பானரின் நுனியில் எட்டு கிலோ பலத்தில் இழுத்தாலே அந்த 10 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். உடல் உழைப்பு உள்ள ஒருவர் கையை மடக்கி இழுத்தால் முப்பது கிலோ சாதாரணம். அதாவது மூன்று, நான்கு மடங்கு. எஃகு போல்ட் அதைத் தாங்கினாலும், அது ஏறி உட்கார்ந்திருக்கும் அலுமினிய மரை தாங்காது. ஸ்பானர்களை நம்பருக்கு ஏற்ற நீளத்தில் செய்திருப்பதற்கும் இதுவே காரணம். சின்ன நட்டுக்குச் சின்னக் கைப்பிடி. அதில் ஒரு பைப்பைச் செருகி நீளத்தைக் கூட்டினால் அந்த ஏற்பாடே குலைந்துவிடுகிறது.

மரையில் எண்ணெய் இருந்தால் கணக்கு மாறும். உராய்வு குறைவதால் அதே டார்க்கில், அதாவது அதே முறுக்கு அளவில், பிடிப்பு கூடிவிடும். காய்ந்த மரைக்குக் கொடுத்த அளவை எண்ணெய் பட்ட மரைக்கு வைத்தால் போல்ட் தன் எல்லையைத் தாண்டி நீள வாய்ப்புண்டு. எரிபொருள் பாகங்களில் எப்போதும் டீசலோ பெட்ரோலோ பட்டே இருக்கும். டீசல் மரைக்கு நல்ல எண்ணெய், பெட்ரோல் காய்ந்துவிடும். பழைய துணியால் மரையைத் துடைத்துவிட்டு மாட்டச் சொல்வது இதனால்தான். அது சுத்தத்துக்காக மட்டும் சொல்கிற பேச்சு இல்லை.

இனி இணைப்புகளைப் பார்ப்போம். எரிபொருள் வழியில் ஒரே மாதிரியான இணைப்புகள் இல்லை. ஒவ்வொன்றும் வேறு விதமாக அடைபடுகிறது. அதனால் ஒவ்வொன்றுக்கும் இறுக்கமும் வேறு.

வீட்டில் அதிகம் கைபடுவது ரப்பர் ஹோஸும் கிளிப்பும். திருகு வைத்த ஹோஸ் கிளிப்பை பிரிட்டனில் லம்லி ராபின்சன் என்ற கடற்படை அதிகாரி உருவாக்கி 1921இல் நிறுவனம் தொடங்கினார். இன்றும் பலர் அதை ஜூபிலி கிளிப் என்கிறார்கள். நூறு வருடப் பொருள். ஆனாலும் அதை மாட்டும் இடத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். குழாயின் நுனியில் ஒரு சின்ன மேடு இருக்கும். ஹோஸ் அதைத் தாண்டி உள்ளே போக வேண்டும்; கிளிப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே கிளிப்பை வைத்து இறுக்கினால் ரப்பர் நடுவில் நசுங்கி, நாளடைவில் அங்கேயே கீறும். ஹோஸின் விளிம்போடு ஒட்டி வைத்தாலும் கிளிப் நழுவிப் போகும். இந்தச் சின்ன கிளிப்புகளுக்கு வேண்டியது சுமார் 2, 3 நியூட்டன் மீட்டர்தான். ஸ்க்ரூ டிரைவரை முழுக்கையால் பிடிக்காமல் விரல்களால் பிடித்துத் திருப்பினாலே போதும். ரப்பர் கிளிப்பின் இரு பக்கமும் பிதுங்கி எழுந்தால் அளவு தாண்டிவிட்டது என்று பொருள். கிளிப் பட்டையில் வெட்டு வெட்டாக இருக்கும் துளைகள் ரப்பரை உள்ளே இழுத்து அறுக்கும். எம்.பி.எஃப்.ஐ. எனப்படும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு உட்புறம் வழவழப்பாக இருக்கும் பட்டைக் கிளிப் வாங்குவதே சரி.

ஏன் எம்.பி.எஃப்.ஐ.யைத் தனியாகச் சொல்கிறேன் என்றால், பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் பைப்பில் இருந்த அழுத்தம் 0.2, 0.3 பார் அளவு. இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு அது சுமார் 3 பார். கார் டயரில் இருக்கும் காற்றை விட அதிகம். கார்புரேட்டர் காலத்து ஹோஸை வாங்கி இன்ஜெக்‌ஷன் வண்டியில் போட்டு, நன்றாக இறுக்கிவிட்டோம் என்று நம்புவது ஆபத்து. அந்த ஹோஸ் வெடிக்கவும் கூடும். கடையில் கேட்கும்போதே இன்ஜெக்‌ஷன் ஹோஸ் என்று கேட்டு, ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்தது, வாஷர் வைத்து இறுக்கும் போல்ட். நடுவில் துளையுள்ள போல்ட் ஒன்று குழாயின் கண்ணுக்குள் நுழைந்து இறங்கும். அதன் இரு பக்கமும் தாமிர வாஷரோ அலுமினிய வாஷரோ இருக்கும். டீசல் பில்டரிலும் பம்பிலும் இதைப் பார்க்கலாம். பழைய தாமிர வாஷர் ஒன்றைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பாருங்கள். போல்ட் கடித்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம் பளபளவென்று தெரியும். அந்தப் பள்ளம்தான் கசிவை அடைத்தது. தாமிரம் மென்மையாக இருந்து நசுங்கியதால் உலோகத்தின் மேடுபள்ளங்களுக்குள் போய் நிரப்பியது. நசுங்கிய தாமிரம் கெட்டிப்பட்டுவிடும். திரும்ப மாட்டும்போது அது நசுங்காது. பழைய பள்ளமும் புதிய இடத்தில் சரியாக உட்காராது. அப்போது கசியும். கசிந்தால் இறுக்குவோம். இறுக்கினால் வாஷர் நசுங்காமல் மரை இழுபடும்.

பழனி ரோட்டில் ஒரு பட்டறையில் இதைக் கண்ணால் பார்த்தேன். பையன் ஒருவன் டீசல் பில்டர் போல்ட்டில் கைவைத்து, “அண்ணே, லேசா கசியுது. இன்னும் கொஞ்சம் டைட் வைக்கவா?” என்றான். மூத்தவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “அம்புட்டுத்தான், விடுறா. வாஷர் பழசு. எம்புட்டு இறுக்குனாலும் ஒழுகத்தான் செய்யும். கழட்டி ரெண்டு பக்கமும் புதுசு போடு.” அந்த “ரெண்டு பக்கமும்” என்பதில் அனுபவம் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பழைய வாஷர் இருக்கும் பக்கத்தில் கசிவு தொடரலாம். அவசரத்துக்குப் பழைய தாமிர வாஷரை நெருப்பில் மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகும். பள்ளம் ஆழமாக விழாத வாஷருக்கு இது உதவும். அலுமினியத்துக்கு இதைச் செய்யக் கூடாது. ஆனால் வாஷர் விற்கும் விலைக்கு இந்தச் சிரமம் தேவையா என்றும் யோசிக்க வேண்டும்.

ஓ-ரிங் உள்ள இணைப்பு இதற்கு நேர்மாறு. ஓ-ரிங் தன் பள்ளத்துக்குள் உட்கார்ந்ததும் இரண்டு உலோகமும் ஒன்றோடொன்று தொட்டுவிடும். அதற்கு மேல் எவ்வளவு இறுக்கினாலும் ஓ-ரிங் கூடுதலாக நசுங்காது. கசிந்தால் அது கீறியிருக்கிறது, காய்ந்திருக்கிறது, அல்லது புரண்டிருக்கிறது. எஞ்சின் ஆயில் ஒரு சொட்டுத் தடவி உட்கார வைத்தால் புரளாது. டேங்குக்குள் இருக்கும் பம்பைக் கழற்றி மாட்டும்போது மேலே இருக்கும் பெரிய பிளாஸ்டிக் வளையமும் இந்த வகைதான். சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் வைத்துத் தட்டித் தட்டிக் கழற்றினால் வளையத்தின் காது உடையும். பம்பை வெளியே எடுத்துவிட்டுப் பழைய சீலையே திரும்பப் போடுவது வேண்டாம். 2010இல் ஏ-ஸ்டாரில் லட்சம் வண்டிகளைத் திரும்ப வரவைத்தது அந்த இடத்து கேஸ்கெட்தான்.

திருகி மாட்டும் டீசல் பில்டருக்கு ஸ்பானரே கூடாது. ரப்பரில் எண்ணெய் தடவி, கையால் திருகி, ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று. பெரும்பாலான பில்டர்களின் உடம்பிலேயே இது அச்சிட்டிருக்கும். பில்டர் ரெஞ்ச் கழற்றுவதற்குத்தான்.

உலோகக் குழாயின் நுனி விரிந்து கூம்பில் உட்காரும் இணைப்பில் முக்கியமான விதி ஒன்று. முதல் மூன்று நான்கு சுற்றுகள் விரலால் ஏற வேண்டும். விரலால் ஏறாத நட்டை ஸ்பானரால் ஏற்றினால் மரை குறுக்கே விழுந்துவிடும். பிறகு இரண்டு ஸ்பானர்: ஒன்று எதிர்ப்பாகத்தைப் பிடிக்க, மற்றது நட்டைத் திருப்ப. ஒற்றை ஸ்பானரில் திருப்பினால் குழாயே முறுகிக்கொண்டு வரும். முறுகின இடத்தில் சில மாதம் கழித்து அதிர்வில் விரிசல் விடும்.

அலுமினியக் கார்புரேட்டரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் ஊர்ப் பொருள். சென்னையில் 1985இல் தொடங்கிய யூகால் நிறுவனம் ஜப்பானின் மிக்குனி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு மாருதி கார்களுக்குக் கார்புரேட்டர் செய்து கொடுத்தது. அதை மேனிஃபோல்டில் பிடிக்கும் நட்டுகளில் ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் அடித்தட்டு வளையும். வளைந்தால் பெட்ரோல் கசியாது. காற்று உள்ளே புகும். ஐடிலிங் நிற்காது, வண்டி இழுக்காது, ஓட்டுகிறவர் கார்புரேட்டரே போய்விட்டது என்று நினைப்பார். எதிரெதிர் மூலையாக, இரண்டு மூன்று தவணையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியிருந்தால் போதும். பித்தளை ஜெட்டுகளும் அப்படித்தான். ஜெட் எங்கே உட்கார்கிறதோ அங்கே நின்றுவிட வேண்டும். பலம் போட்டால் தலையின் வெட்டுதான் உடையும், பிறகு அதைக் கழற்றவே முடியாது.

காற்று உள்ளே புகுவதைச் சொன்னேன். இந்த விஷயத்தில் எழுதியவர்களும் பேசுகிறவர்களும் பெரும்பாலும் கவனிக்காத பக்கம் அது. அழுத்தம் உள்ள பக்கத்தில் இணைப்பு லூசாக இருந்தால் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் லூசாக இருந்தால் ஒன்றும் சொட்டாது. அம்பாசடரில் பம்ப் எஞ்சின் மேல் இருந்தது. டேங்கிலிருந்து அங்கே வரும் நீண்ட குழாய் முழுவதும் உறிஞ்சும் பக்கம். வத்தலக்குண்டைத் தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது வண்டி திக்கித் திக்கி நின்றால், பம்பின் மேல் ஈரத்துணி போடுவது டிரைவர்களின் வழக்கம். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் அடைத்துக்கொள்வதற்கு அது சரியான வைத்தியம்தான். ஆனால் ஒரு கிளிப் லூசாக இருந்து காற்று புகுந்தாலும் அதே அறிகுறிதான் வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் துணியை நனைத்துக்கொண்டே மலை ஏறினவர்கள் பலர்.

டீசலில் இது இன்னும் கூர்மை. காலையில் ஸ்டார்ட்டிங் டிரபிள், ஒருமுறை எடுத்துவிட்டால் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை என்றால், இரவில் எங்கோ காற்று புகுந்து டீசல் டேங்குக்குத் திரும்புகிறது என்று சந்தேகிக்கலாம். பட்டறைக்காரர்கள் பம்புக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடி ஹோஸைத் தற்காலிகமாக மாட்டிப் பார்ப்பார்கள். குமிழி ஓடினால் உறிஞ்சும் பக்கத்தில் கோளாறு. ஏர் எடுக்கும் சின்ன ஸ்க்ரூவும் இங்கே கவனிக்க வேண்டியது. அரைச்சுற்று தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் மெதுவாக மூட வேண்டும். அதன் நடுவில் துளை இருப்பதால் பலம் தாங்காது. முறிந்தால் உள்ளே இருக்கும் துண்டை எடுப்பதற்குள் பில்டர் தலையையே மாற்ற நேரும்.

கைப்பழக்கமா, டார்க் ரெஞ்சா என்ற விவாதத்துக்கு வருவோம். டார்க் ரெஞ்ச் பிறந்ததே குழாய் இணைப்புகளால்தான். 1918இல் நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் இருந்த கான்ராட் பார் என்பவர், பூமிக்கடியில் செல்லும் குழாய்களின் போல்ட்டுகளை ஆட்கள் அளவு தெரியாமல் இறுக்குவதைத் தடுக்க அதை உருவாக்கினார். நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் எஞ்சின் ஹெட் மாட்டும்போதுதான் டார்க் ரெஞ்ச் வெளியே வருகிறது. எரிபொருள் வேலையில் கைதான். முப்பது வருடம் ஸ்பானர் பிடித்தவரின் கைக்கு, வாஷர் நசுங்கி முடிந்து உலோகம் முட்டும் அந்தக் கணம் தெரியும். அவரைப் பார்த்து அதை நான் மறுக்க மாட்டேன். வருடத்தில் ஒரு முறை பானெட் திறக்கிறவருக்கு அந்தக் கை இருக்காது. அவருக்கு ரெஞ்ச் வேண்டும்.

எந்த ரெஞ்ச் என்பதில்தான் தவறு நடக்கிறது. வீல் நட்டுக்கு வாங்கிய அரை அங்குல ரெஞ்சையே எல்லாவற்றுக்கும் எடுக்கிறார்கள். எரிபொருள் இணைப்புகளில் பல 5லிருந்து 25 நியூட்டன் மீட்டருக்குள் அடங்கிவிடும். பெரிய ரெஞ்சின் அளவுகோல் அதற்கு மேல்தான் தொடங்கும், அல்லது அடிமட்டத்தில் நம்பத் தகாததாக இருக்கும். கிளிக் வகை ரெஞ்சுகளுக்கு ஐ.எஸ்.ஓ. 6789 தரம் அனுமதிக்கும் பிழை 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் 4 சதவீதம், அதற்குக் கீழ் 6 சதவீதம். அதுவும் ரெஞ்சின் உரிய எல்லைக்குள் மட்டும். ஆகவே கால் அங்குலத்தில் ஒரு சின்ன ரெஞ்ச். ‘கிளிக்’ என்றதும் நிறுத்திவிட வேண்டும். உறுதிக்காக இரண்டாம் முறை கிளிக் வைப்பதும் கூடுதல் இறுக்கம்தான். வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வைத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளராது.

எந்த எண்ணை வைப்பது என்பது அடுத்த கேள்வி. வண்டியோடு வரும் கையேட்டில் வீல் நட் அளவு இருக்கும். எரிபொருள் இணைப்பு அளவுகள் பெரும்பாலும் இருக்காது. அவை கம்பெனியின் ஒர்க்‌ஷாப் மேனுவலில் இருக்கின்றன, ஆங்கிலத்தில். ஒரு மாடலின் எண்ணை இன்னொன்றுக்கு வைக்க முடியாது.

சரியாக இறுக்கிய பழைய ஹோஸும் இப்போது கசியத் தொடங்குவதற்குப் புதிய காரணம் ஒன்று வந்திருக்கிறது: எத்தனால். 2022 ஜூனில் நாட்டின் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. 2030க்கு என்று முதலில் வைத்திருந்த 20 சதவீதம் 2025லேயே வந்துவிட்டது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் பாகங்கள் இ20 பெட்ரோலைத் தாங்கும் பொருளில் செய்யப்பட்டவை. பழைய வண்டிகள் சிலவற்றில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் முன்கூட்டியே மாற்ற நேரலாம் என்பதைப் பெட்ரோலிய அமைச்சகமும் 2025இல் ஒப்புக்கொண்டது. பழைய ஹோஸ்களில் இருக்கும் நைட்ரைல் ரப்பரை எத்தனால் உப்பவைக்கும், மென்மையாக்கும். பிறகு காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். உப்பி மென்மையான ஹோஸில் கிளிப் லூசாகத்தான் தெரியும். அதை இறுக்கினால் கிளிப் ரப்பருக்குள் கத்தி போல் இறங்கும். நகத்தால் அழுத்திப் பார்த்து ஹோஸ் பிசுபிசுத்தாலோ, மடக்கிப் பார்த்து நுண்ணிய வெடிப்பு தெரிந்தாலோ, கிளிப்பைத் தொடாமல் ஹோஸை மாற்ற வேண்டும். எத்தனால் தாங்கும் ஓ-ரிங்குகள் விட்டான் என்ற பெயரில் கடைகளில் கிடைக்கின்றன. அதைக் கேட்டு வாங்குவது நல்லது. இருபது வருட வண்டிகள் இவ்வளவு ஓடுகிற ஓர் ஊரில் இதை ஒரு பெரிய செய்தியாகவே நான் பார்க்கிறேன்.

பேஸ்ட், டேப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரண சிலிக்கான் பேஸ்ட் பெட்ரோலில் ஊறிக் கழன்று வரும். டெஃப்லான் டேப்பின் நூல் ஜெட்டிலோ இன்ஜெக்டரிலோ போய் அடைக்கும். ஒழுகும் டேங்கில் ஈர சோப்பை அழுத்தி வீடு வந்து சேர்வது உண்டு. பெட்ரோலில் சோப்பு கரையாததால் அது கொஞ்ச நேரம் நிற்கும். வீடு வந்து சேர மட்டும்தான்.

வேலை செய்யும் இடத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆய்வு முழுமை ஆகாது. பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரிக்குக் கீழேயே தீப்பிடிக்கத் தக்கது. காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே போதும். காற்றை விட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலே போகாது, தரையோடு தவழும். நம் வீடுகளில் போர்ட்டிகோவில் கார் நிற்கிறது. அதற்கு அடுத்தாற்போல் அடுப்படி ஜன்னல், மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர், அந்தி சாய்ந்தால் வாசலில் விளக்கு. சித்திரை வெயிலில் பெட்ரோல் இன்னும் வேகமாக ஆவியாகும். காலையில், திறந்த வெளியில், டேங்கில் கால் அளவுக்கு மேல் பெட்ரோல் இல்லாதபோது செய்வதே சரி. ஆம்னியில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் சொட்டிய பெட்ரோலின் ஆவி நேரே வண்டிக்குள் வரும். எல்லாக் கதவையும் திறந்து வைத்தால்தான் அதில் கை வைக்கலாம்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் முதலில் டேங்க் மூடியைத் திறந்து மூடிக் காற்றை விட வேண்டும். பிறகு பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். குழாயில் இருந்த அழுத்தம் இறங்கிவிடும். அதன் பிறகு பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்ற வேண்டும். வெளிச்சத்துக்கு எல்.இ.டி. டார்ச்; பழைய குண்டு பல்பைத் தொங்கவிடக் கூடாது, அது விழுந்து உடைந்தால் உள்ளே சிவந்திருக்கும் கம்பியே போதும். பக்கத்தில் தீயணைப்பான் இல்லையென்றால் ஒரு வாளி மணலாவது வேண்டும். தண்ணீர் ஊற்றினால் எரியும் பெட்ரோல் மிதந்து பரவும்.

இறுக்கி முடித்ததும் உடனே ஸ்டார்ட் செய்யத் தேவையில்லை. ஃபியூஸைப் போட்டு, பேட்டரியைத் திரும்ப இணைத்து, சாவியை மூன்று நான்கு முறை ஆன் செய்து அணைத்தால் பம்ப் ஓடிக் குழாயில் அழுத்தம் ஏறும். அந்த நிலையிலேயே காய்ந்த வெள்ளைத் துணியை ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் ஒற்றிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஈரம் துணியில் தெரியும். பிறகு எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றி ஒரு முறை. அணைத்து ஆறிய பிறகு ஒரு முறை. மறுநாள் காலையில் மோந்து பார்த்து ஒரு முறை. புதிய ரப்பர் சூட்டில் கொஞ்சம் படியும் என்பதால் கிளிப்பை அப்போது கால் சுற்று ஏற்ற நேரலாம். தாமிர வாஷர் வைத்த போல்ட்டை அப்படி மறுபடி மறுபடி ஏற்றக் கூடாது. இறுக்கிய போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைப்பது எனக்குப் பிடித்த பழக்கம். போல்ட் தளர்ந்தால் கோடு விலகித் தெரியும். கையால் தொட்டு ஆட்டிப் பார்க்க வேண்டியதில்லை. விமானப் பராமரிப்பில் இதற்கென்றே தனி வண்ணப் பசை இருக்கிறது.

வீட்டில் தொடவே கூடாதவையும் உண்டு. சி.ஆர்.டி.ஐ. (காமன் ரெயில்) டீசல் வண்டிகளில் அந்த ரெயிலிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் எஃகுக் குழாயில் 1,600 பார், சிலவற்றில் அதற்கும் மேல். அந்தக் குழாயின் நட்டை எஞ்சின் ஓடும்போது தளர்த்திப் பார்ப்பது பழைய டீசல் எஞ்சினில் வழக்கம். எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். சி.ஆர்.டி.ஐ.யில் அதைச் செய்தால் ஊசி முனையாகப் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகும், உடனே அறுவை செய்யாவிட்டால் விரலோ கையோ போய்விடும். பல கம்பெனிகள் அந்தக் குழாய்களை ஒரு முறை கழற்றினால் புதிதாகத்தான் போட வேண்டும் என்கின்றன. கூம்பு ஒரு முறை கடித்த இடத்தில் மறுமுறை அதே பிடிப்பு வராது. சி.என்.ஜி. வண்டியில் சிலிண்டரில் சுமார் 200 பார். மூன்று வருடத்துக்கு ஒரு முறை சிலிண்டரைச் சோதிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதில் ஒரு நட்டையும் வீட்டில் திருப்பக் கூடாது.

மற்றதெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியதே, அளவுகள் கைக்குக் கிடைத்தால். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிக்கிற பிள்ளைகளுக்கு டார்க் ரெஞ்ச் பிடிக்கக் கற்றுத் தருகிறார்கள். அவர்களுக்கான பாடநூல்களைத் தயாரிக்கும் நிமி நிறுவனம் சென்னைக் கிண்டியிலேயே இருக்கிறது. நம் பகுதியில் அதிகம் ஓடும் ஏழெட்டு மாடல்களுக்காவது எரிபொருள் இணைப்புகளின் அளவுகளைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, பட்டறைச் சுவரிலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கல்லாவிலும் ஒட்டினால் வீட்டில் வேலை செய்கிறவரும் அதை மொபைலில் படம் பிடித்துக்கொள்வார். கடைக்காரரும் ஒன்று செய்யலாம். டீசல் பில்டர் கேட்டு வருகிறவரிடம் தாமிர வாஷர் இரண்டையும், பெட்ரோல் ஹோஸ் கேட்கிறவரிடம் உள்வழவழப்பான கிளிப் இரண்டையும் கேட்காமலே எடுத்து வைத்துப் பில் போடலாம்.